71 வயது அப்பாவுக்கு இ-ரீடர் வாங்கலாமா? வீட்டில் இருக்கும் புத்தகங்களை என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "அப்பாவுக்கு 71 வயது. ஓய்வு பெற்ற பிறகு படிப்பு ஒன்றுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, ஆனாலும் சின்ன எழுத்து சிரமமாக இருக்கிறது என்கிறார். இ-ரீடர் வாங்கித் தரலாமா, காசு வீணாகுமா? அப்புறம், வாடகை வீட்டில் இனி புத்தகம் வைக்க எங்களுக்கு இடமில்லை. நாங்களும் எல்லாவற்றையும் மின்னூலாகவே வாங்கிவிடலாமா?"

அப்பாவுக்குத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். ஆனால் உங்கள் அலமாரிக்குப் பதிலாக அதை நினைக்காதீர்கள். இ-ரீடர் மின்னூல் படிப்பதற்கு நல்ல கருவி. புத்தகத்தைப் பாதுகாத்து வைக்கும் இடமாக அதை நம்ப முடியாது. இதைச் சொல்லக் காரணம் என் வேலை. பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துகிறேன். அச்சுக்குப் போன கோப்பிலிருந்து மின்னூல் ஆக்கியும் தருகிறேன். ஒரே புத்தகத்தைக் காலையில் தாளிலும் மாலையில் திரையிலும் பார்த்துப் பார்த்து வந்த அபிப்பிராயம் இது.

முதலில் அப்பா. கருவி வாங்குவதற்கு முன் ஒரு முறை கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். புரை எடுத்தபின் வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப்பார்வைக்கானது. படிக்கத் தனிக் கண்ணாடி வேண்டும். அறுவைக்கு முன்பிருந்த பழைய கண்ணாடியையே போட்டுக்கொண்டு சிரமப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சரியான கண்ணாடி போட்ட பிறகும் சிரமம் என்றால், இ-ரீடரைப் போல உதவும் பொருள் வேறில்லை.

என் அம்மாவை வைத்துச் சொல்கிறேன். அவர் வைத்திருந்தது ஒரு கெட்டி அட்டை நாவல், டெமி அளவு (வழக்கமான நாவல் அளவு), 600 பக்கத்துக்கு மேல். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அது முக்கால் கிலோ வரும். ஒரு கையில் பூதக்கண்ணாடி, மறு கையில் புத்தகம் என்று பிடிக்க முடியாததால், தலையணையை மடியில் போட்டு அதன்மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வார். கண்ணாடியை வரிமேல் நகர்த்தி வரி முடிவுக்கு வந்து, அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும்போது வரி தவறிவிடும். படித்த வரியையே மறுபடி படிப்பார். கால் மணி நேரத்தில் மூடி வைத்துவிடுவார். கதை பிடிக்காமல் இல்லை, வரியைத் தேடியே அலுத்துப்போனார். அதே நாவலை 200 கிராம்கூட இல்லாத கருவியில், எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அன்று மாலை விளக்கு வைக்கும் நேரத்தையும் மறந்து உட்கார்ந்திருந்தார். இந்த ஒன்றுக்காக மட்டுமே கருவியின் விலையை நான் கொடுப்பேன்.

"ஃபோனிலேயே எழுத்தைப் பெரிதாக்கலாமே" என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஃபோன் திரை பின்னாலிருந்து கண்ணை நோக்கி வெளிச்சம் அடிக்கிறது. இ-ரீடரில் இருப்பது மின்மை (இ-இங்க்) திரை. தலைமுடிப் பருமன் அளவுள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். மின்னூட்டம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள் அங்கேயே நிற்கும். அதற்கு மின்சாரம் தேவையில்லை. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்குப் பேட்டரி செலவு. அதனால்தான் ஒரு முறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் வருகிறது. அறை வெளிச்சம் பட்டுத் திரும்புவதைத்தான் கண் பார்க்கிறது, தாளைப் போல. மாடித் திண்ணையில், பகல் வெயிலில்கூடத் தெளிவாகத் தெரியும். இரவில் உதவும் விளக்கும் ஓரத்திலிருந்து திரையின் மேற்பரப்பில்தான் விழும்.

திரையில் படித்தால் தூக்கம் கெடும் என்று ஓர் ஆய்வைச் சொல்வார்கள். அது 2014இல் பாஸ்டனில் 12 பேரை வைத்துச் செய்தது. அவர்கள் படுக்கப் போகும் முன் படித்தது வெளிச்சம் அடிக்கும் ஐபேடில். மின்மைத் திரையில் அல்ல. எல்லாத் திரையையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால் வரும் குழப்பம் இது.

வாங்கும்போது திரை அளவில் கஞ்சம் பிடிக்காதீர்கள். ஆங்கிலம் படிப்பவருக்கு ஆறு அங்குலம் போதும். நமக்குப் போதாது, காரணம் நம் சொற்களின் நீளம். "வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்று தமிழில் சர்வசாதாரணமாக எழுதுவோம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஆறு அங்குலத் திரையில் இந்த ஒரு சொல்லே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். அதற்கு முந்தைய வரியில் இரண்டே சொல் மிஞ்சும். கருவி வரியின் இரண்டு ஓரத்தையும் சமமாக்கப் பார்க்கும். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விழும். பக்கம் முழுக்கப் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஏழு அங்குலத் திரை எடுங்கள். எழுத்து அமைப்பில் 'இடப்பக்க ஒழுங்கு' என்று ஒன்று இருக்கும், அதை மறக்காமல் தேர்ந்தெடுத்துவிடுங்கள். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக நிற்கும், ஆனால் சொற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே சீராக இருக்கும். மூத்தவர்களுக்குக் கருவி அமைத்துக் கொடுக்கும்போது நான் முதலில் செய்வது இதைத்தான்.

அடுத்து, பிடிஎஃப். தமிழில் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கங்களைப் படம் பிடித்த பிடிஎஃப் ஆகத்தான் கிடைக்கின்றன. டெமி அளவுப் பக்கம் எட்டரை அங்குல உயரம். ஆறு அங்குலத் திரையின் உயரம் ஐந்து அங்குலத்துக்கும் கம்மி. பக்கம் முழுதும் திரைக்குள் அடங்கினால் 11 பாயிண்ட் எழுத்து ஆறு பாயிண்ட் ஆகிவிடும். பழைய பேருந்துச் சீட்டில் இருக்குமே, அந்த எழுத்து. அது படம் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி இடதும் வலதுமாக நகர்த்த வேண்டியதுதான். அப்பா இரண்டு நாளில் கருவியை மேசை இழுப்பறையில் போட்டுவிடுவார். விற்பனைக்கு வரும் மின்னூல்களிலும் சில இப்படி வெறும் பக்கப்படங்கள்தான். காசு கொடுக்கும் முன் மாதிரிப் பக்கங்களை இறக்கி, எழுத்து அளவு மாறுகிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் வாங்காதீர்கள்.

அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? நிறையவே. அமேசானின் இ-ரீடரான கிண்டிலில் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக வந்தது 2016 டிசம்பரில்தான். ஆனால் அதற்கு முன்பே இலவசத் தமிழ் மின்னூல் உலகம் ஒன்று வேரூன்றியிருந்தது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு நாவல்வரை தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து இலவசமாகக் கொடுத்தார்கள். 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' குழு, எழுத்து அளவை மாற்றக்கூடிய இ-பப் வடிவத்தோடு, ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பிடிஎஃபும் போடுகிறது. மேலே சொன்ன தொல்லையை அனுபவித்தவர்கள்தான் அப்படி யோசிப்பார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமை ஆக்கப்பட்ட (உரிமையை அரசு எடுத்துப் பொதுவாக்கிய) நூல்கள் குவிந்து கிடக்கின்றன. இலங்கை எழுத்துக்கு 'நூலகம்' தளம். அப்பாவுக்குப் பழைய தொடர்கதைகள் பிடிக்கும் என்றால், கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானவை. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் ஒரு பைசா செலவில்லாமல் ஏற்றிக் கொடுக்கலாம். இ-பப் கோப்புகளைக் கிண்டிலுக்கு மின்னஞ்சல் வழியாகவே அனுப்பிவிட முடியும்.

ஒரு எச்சரிக்கை. பழைய நூலைப் படம்பிடித்து, படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக்கும் எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து, மெய்ப்புப் பார்க்காமல் அப்படியே ஏற்றிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழில் துணைக்காலும் 'ர'வும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. 'பாடல்' 'பரடல்' ஆகும், 'மாலை' 'மரலை' ஆகும். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு மாறி 'தேர்' 'தெர்' ஆகும். ஒரு பக்கத்தில் இப்படி ஐந்தாறு இருந்தால், பொறுமைசாலி வாசகர்கூட "இந்த மெஷின் சரியில்லை" என்றுதான் முடிவு கட்டுவார். மெஷின் மேல் தப்பில்லை. மெய்ப்புப் பார்க்காத மின்னூலை விற்பது வாசகருக்குச் செய்யும் துரோகம் என்றே நான் நினைக்கிறேன். அச்சுப் புத்தகத்துக்கு மூன்று மெய்ப்புப் பார்க்கும் பதிப்பகங்கள்கூட மின்னூலுக்கு ஒன்றும் பார்ப்பதில்லை. "கோப்பு ஏற்கெனவே திருத்தியதுதானே" என்பார்கள். பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாறும்போது புதிதாக எத்தனை பிழை முளைக்கும் என்பது மாற்றிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கும் மாதிரிப் பக்கம்தான் மருந்து. முதல் பத்து பக்கம் சுத்தமாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

கவிதை மட்டும் தாளில் வாங்கிக் கொடுங்கள். வெண்பாவில் ஓரடிக்கு நாலு சீர், கடைசி அடிக்கு மூன்று. அந்த ஈற்றடி குட்டையாக நிற்பதைக் கண் பார்க்க வேண்டும். பார்த்தால்தான் காதும் அங்கே நிற்கும். பெரிய எழுத்து வைத்த திரையில் நாலு சீர் ஒரு வரியில் கொள்ளாது. நாலாவது சீர் உடைந்து கீழே போகும். எந்த வரி புலவர் முடித்தது, எது கருவி முடித்தது என்றே தெரியாது. புதுக்கவிதைக்கு இன்னும் மோசம், அங்கே வரி உடைவதே கவிதையின் ஒரு பகுதி. பாட்டுக்கும் உரைக்கும் மாறி மாறிப் போக வேண்டிய நூல்களும் அப்படித்தான். ஒரு விரலைப் பாட்டில் செருகி, மறு விரலால் உரையைப் புரட்டும் வேகம் எந்தத் திரைக்கும் வரவில்லை.

தாளில் படித்தால்தான் மனதில் நிற்கும் என்பது உண்மையா? பாதி உண்மை. நார்வேயின் ஸ்டவாங்கர் பல்கலைக்கழக ஆய்வாளர் ஆன் மாங்கனும் அவருடைய சகாக்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 50 பேரிடம் 28 பக்க மர்மக் கதை ஒன்றைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு அச்சில், பாதிப் பேருக்குக் கிண்டிலில். கதை புரிந்ததா என்ற கேள்விகளில் பெரும்பாலும் வித்தியாசமே இல்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது மட்டும் அச்சில் படித்தவர்கள் மேல். எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. "அந்தக் கடிதம் வரும் இடம் இடப்பக்கம், கீழே, புத்தகம் முக்கால்வாசி முடிந்த பிறகு" என்று கை நினைவு வைத்திருக்கும். இடக்கையில் பக்கங்கள் ஏறி வலக்கையில் குறைவதை விரல் எப்போதும் அளந்துகொண்டே இருக்கிறது. கருவியில் '62%' என்று ஓர் எண் மட்டும் தெரியும். 2018இல் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த இன்னொரு கட்டுரை, கதை படிப்பதில் திரைக்கும் தாளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை, தகவல் நூல்களில்தான் தாள் முந்துகிறது என்றது. நேரக் கட்டுப்பாடு இருந்தால் இன்னும் முந்துகிறது. ஆக, அப்பா நாவலைத் திரையில் படிக்கட்டும். உங்கள் வீட்டில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால் அதற்குத் தாளை வாங்கிக் கொடுங்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இதில்தான் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன்.

மின்னூல் கடையில் 'வாங்கு' என்று பொத்தான் இருந்தாலும், நீங்கள் வாங்குவது புத்தகத்தை அல்ல, படிக்கும் உரிமத்தை. 2009 ஜூலையில் ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நாவல்கள், விற்றவரிடம் உரிமை இல்லை என்ற காரணத்தால், காசு கொடுத்து வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே இரவோடு இரவாக அழிக்கப்பட்டன. காசு திரும்பி வந்தது, அமேசான் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் நம் வீட்டு அலமாரிக்குள் இன்னொருவர் கை நீள முடியும் என்பது அன்று தெரிந்துவிட்டது. 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, விற்ற அத்தனை நூல்களும் வாசகர்களிடமிருந்து போயின. அங்கும் காசு திரும்ப வந்தது. 2025 பிப்ரவரி 26 முதல், கிண்டிலில் வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றிக்கொள்ளும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். வாங்கிய நூலின் கோப்பை நாமே வைத்துக்கொள்ள இருந்த வழி அது. இரவல் கொடுக்க முடியாது, பழைய புத்தகக் கடையில் போட முடியாது, பேத்திக்கு எழுதிவைக்கவும் முடியாது. பூட்டில்லாத (நகலெடுக்கத் தடையில்லாத) இ-பப் ஆகக் கொடுக்கும் இடத்தில் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. அப்படி வாங்கியதைக் கணினியில் ஒன்று, வெளி வன்வட்டில் ஒன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கி வைக்க 'காலிபர்' என்ற இலவச மென்பொருள் போதும்.

தாள் என்றைக்கும் நிலைக்கும் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தண்ணீர் இடுப்பளவு நின்றது. அலமாரியின் கீழ் இரண்டு தட்டுகள் முழுதும் நனைந்தன. சாதாரணத் தாளில் அச்சான புத்தகங்களைப் பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் செருகி, மின்விசிறிக்கு அடியில் நிமிர்த்தி வைத்துப் பாதியைக் காப்பாற்றினோம். வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சானவை காய்ந்ததும் செங்கல்லாகிவிட்டன. அந்தத் தாளின் மேல்பூச்சு தண்ணீரில் கரைந்து பக்கங்களை ஒட்டிவிடுகிறது, பிரித்தால் எழுத்தோடு கிழியும். அதில் ஒன்று நான் வேறெங்கும் பார்க்காத ஒரு கோயில் ஓவியத் தொகுப்பு. இன்னும் தேடுகிறேன்.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அவற்றில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது. இலங்கைத் தமிழர்கள் 2005இல் 'நூலகம்' திட்டத்தைத் தொடங்கி, கிடைக்கும் ஒவ்வொரு துண்டுப் பிரசுரத்தையும் பழைய செய்தித்தாளையும் எண்ணிமப்படுத்தி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நெருப்பை நினைத்துக்கொள்வேன். அதனால் உங்கள் வீட்டு அரிய புத்தகம் எதையும் ஒரே வடிவத்தில் மட்டும் விட்டுவைக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

இடப் பிரச்சினைக்கு வருகிறேன். எல்லாவற்றையும் வைத்திருக்க வேண்டியதில்லை. முதலில் கழிக்க வேண்டியவை, நாட்டுடைமை நூல்களின் மலிவுப் பதிப்புகள். உரிமையை அரசு எடுத்துக்கொண்ட நூலை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அதனால்தான் பாரதியின் கவிதைகளை ஒவ்வொரு கடையிலும் வேறு வேறு விலையில் பார்க்கிறீர்கள். அவை என்றைக்கும் கிடைக்கும், கருவியிலும் சும்மா கிடைக்கும். பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ பள்ளிக்கோ கேட்டுவிட்டுக் கொடுங்கள். அடுத்து, ஒரு முறை படித்துவிட்டு மறுபடி தொடாத விறுவிறுப்பு நாவல்கள். இந்த வகையை இனிமேல் மின்னூலாகவே வாங்குங்கள், தவறே இல்லை.

விடக்கூடாதது சின்னப் பதிப்பகங்களின் நூல்கள், சிறுபத்திரிகை இதழ்கள், உள்ளூர் வரலாறு, ஊர்த் திருவிழா மலர், சாதாரண மனிதர்கள் சொந்தச் செலவில் போட்ட தன்வரலாறு. தமிழில் ஒரு காலத்தில் 1,200 பிரதி அச்சடிப்பது வழக்கமாக இருந்தது. இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் 100, 200 என்றுகூடப் போடுகிறார்கள். பதிப்பாளர் கடையை மூடினால் அந்த நூல் எங்கும் கிடைக்காது, மின்னூலாகவும் வந்திருக்காது. மெலிந்த, அட்டை கசங்கிய அந்தப் புத்தகம்தான் உங்கள் அலமாரியில் விலை மதிப்பில்லாதது. அதற்குத்தான் இடம் வேண்டும், கீழ்த்தட்டில் வைக்காதீர்கள்.

புதிதாகத் தாளில் வாங்கும்போது, புத்தகத்தை நடுவில் விரித்து முதுகின் உட்பக்கத்தைப் பாருங்கள். தைத்த நூலிழை தெரிந்தால் தையல் பைண்டிங், பிள்ளைகள் காலம்வரை வரும். வெறும் பசை என்றால் நம்மூர் வெயிலில் சில வருடங்களில் பக்கம் பக்கமாகக் கையோடு வரும். 400 பக்கத்துக்கு மேற்பட்ட நூலைப் பசை பைண்டிங்கில் நான் வாங்குவதில்லை.

கருவி வீட்டுக்கு வந்ததும், அவர் முன்பே படித்துப் பிடித்த ஒரு நாவலை முதலில் ஏற்றுங்கள். புதுக் கருவி, புதுக் கதை இரண்டையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். வைஃபையை அணைத்துவிடுங்கள், கடைப்பக்கம் குறுக்கே வராது. பக்கம் திருப்ப எங்கே தொட வேண்டும் என்பதை மட்டும் காட்டுங்கள். எழுத்து அளவை நீங்கள் வைத்துக் கொடுக்காமல் அதையும் அவரிடமே விடுங்கள். நான் அம்மாவுக்குப் போதும் என்று நினைத்து வைத்த அளவிலிருந்து அவர் இன்னும் மூன்று படி ஏற்றினார். ஒரு பக்கத்துக்கு ஒன்பது வரிதான் வந்தது. "இப்பத்தான் சரியா இருக்கு" என்றார்.